‘இரு தரப்பினர்’ என்று எழுதிய கை

கறையான் ஏறிய புத்தக அலமாரியைச் சென்ற மாதம் காலி செய்தபோது, ஏறக்குறைய 26 ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதி அச்சான செய்தித் துண்டு ஒன்று கையில் சிக்கியது. பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிரும் தாள். ஊர்ப்பெயரை மட்டும் விட்டுவிட்டு அதை அப்படியே இங்கே தருகிறேன்.

“கோவில் திருவிழாவில் மோதல்: 4 பேர் காயம். நாகை மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தில் மாரியம்மன் கோவில் திருவிழாவில் சுவாமி ஊர்வலம் செல்லும் பாதை தொடர்பாக இரு தரப்பினரிடையே தகராறு ஏற்பட்டது. இது மோதலாக மாறியது. இதில் காலனியைச் சேர்ந்த 4 பேர் காயம் அடைந்தனர். சில வீடுகள் சேதப்படுத்தப்பட்டன. இரு தரப்பினர் மீதும் வழக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளது. பதற்றம் நிலவுவதால் அங்கு போலீசார் குவிக்கப்பட்டுள்ளனர்.”

இந்தச் செய்தியில் பொய் என்று ஒரு சொல்லைக்கூட எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. காயம்பட்டவர்கள் என்று மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்தது 4 பேர்தான். வழக்கு இரண்டு பக்கத்தின் மீதும் பதிவாகியிருந்தது. போலீஸ் வண்டி இரண்டு நாள் அந்த ஊர் ஆலமரத்தடியில்தான் நின்றது. ஆனாலும் இதை மட்டும் படித்த ஒருவருக்கு அந்த ஊரில் என்ன நடந்தது என்று தெரியவே தெரியாது. அந்த ஆண்டு சேரியில் இருந்தவர்கள், தங்களிடமும் தலைக்கட்டு வரி, அதாவது திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பணம், வாங்கிக்கொள்ள வேண்டும், அம்மன் தங்கள் தெருமுனை வரையாவது வர வேண்டும் என்று கேட்டார்கள். வரி வாங்கினால் கோவிலில் உரிமை வந்துவிடும் என்பதால் ஊர் மறுத்தது. அவர்கள் வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தார்கள். மனுக் கொடுத்த மூன்றாம் நாள் இரவில் ஒரு கூட்டம் அந்தத் தெருவுக்குள் புகுந்து ஓடுகளை உடைத்தது, சைக்கிள்களை வாய்க்காலில் தூக்கிப் போட்டது, கைக்குக் கிடைத்தவர்களை அடித்தது. விடிந்ததும், அடித்தவர்கள் தாங்களும் தாக்கப்பட்டதாக ஓர் எதிர்வழக்குக் கொடுத்தார்கள். அந்த எதிர்வழக்குதான் என் செய்தியில் “இரு தரப்பினர்” ஆனது.

நான் அந்த ஊருக்குப் போகவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எழுத்தர் படித்துக் காட்டியதைக் குறித்துக்கொண்டேன். ஏழு மணிக்குள் தொலைநகல் அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பத்து நிமிடத்தில் எழுதினேன். அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்தியின் நீளத்தை அளந்து ஏதோ கொடுப்பார்கள், அது பெட்ரோலுக்குக்கூடக் காணாது. உண்மையான வருமானம் விளம்பரத்தில் கிடைக்கும் கமிஷன்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து விளம்பரம் கொடுப்பவர்கள் யார்? அரிசி ஆலைக்காரர், உரக்கடைக்காரர், திருமண மண்டபம் கட்டியவர், ஒன்றியத் தலைவர். அந்த ஊரில் அம்மன் எந்தத் தெருவுக்குப் போகலாம் என்று முடிவு செய்தவர்களும் இவர்களுடைய சொந்தக்காரர்கள்தான். யாரும் என்னை மிரட்டவில்லை, ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி நான் குடியானத் தெருவில் பிறந்து வளர்ந்தவன். “இரு தரப்பினர்” என்ற சொல் எனக்குத் தானாகவே வந்தது.

மறுநாள் வேறொரு விபத்துச் செய்திக்காக அரசு மருத்துவமனைக்குப் போனபோது, ஆண்கள் பிரிவு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி என்னை அடையாளம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார். என் அம்மாவைவிட மூத்தவர். “ஐயா, நீங்கதான் பேப்பர்ல எழுதுறவங்களா? ரெண்டு தரப்பும் மோதிக்கிட்டாங்கன்னு போட்டிருக்கீங்களாம், படிச்சுச் சொன்னாங்க. எங்க தரப்புல அடிச்சது யாருங்க? எம் மவன் அடிச்சானா? அவனுக்கு ரெண்டு கையும் கட்டுப் போட்டுக் கெடக்கு, வந்து பாருங்க,” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்துகொள்ளும் தொனியில்தான் கேட்டார். போலீஸ் சொன்னதைத்தான் எழுதினேன் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

அந்தக் கேள்வியின் இலக்கணம் எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. மோதல் என்ற சொல்லுக்கு இரண்டு பேர் வேண்டும். அடித்தல் என்றால் அடித்தவர் ஒருவர், அடிபட்டவர் ஒருவர் என்று வாக்கியமே கேட்கும்; மோதல் என்றால் கேட்காது. “சேதப்படுத்தப்பட்டன” என்று செயப்பாட்டு வினையில் எழுதிவிட்டால் செய்தவர் எழுவாயாக வரத் தேவையே இல்லை, ஓடுகள் யாரோ உடைத்து உடைந்தன. “தகராறு ஏற்பட்டது” என்றாலோ இன்னும் வசதி. மழை பெய்ததைப் போல அது தானாக வந்து போகிறது. பள்ளியில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்ததைச் செய்தி அறையில் நாம் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம்.

2020ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் இறந்தபோது, அந்த நகரக் காவல் துறை வெளியிட்ட முதல் அறிக்கையைப் பின்னர் படித்தேன். போலீஸ் நடவடிக்கையின்போது உடல்நலக் கோளாறு ஏற்பட்டு ஒருவர் மரணம் என்பது அதன் தலைப்பின் பொருள். அவர் அதிகாரிகளை எதிர்த்ததாகவும், கைவிலங்கு மாட்டிய பிறகு அவர் உடல்நலம் குன்றியவராகக் காணப்பட்டதை அதிகாரிகள் கவனித்ததாகவும் அதில் இருந்தது. கழுத்தின் மேல் வைத்து அழுத்தப்பட்ட முழங்காலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் சாலையோரத்தில் நின்று தன் கைப்பேசியில் படம் பிடித்திராவிட்டால், மறுநாள் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கைந்து வரியில் அந்த அறிக்கையே செய்தியாகி முடிந்திருக்கும். 2021இல், அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதை வழங்கும் புலிட்சர் குழு அந்தப் பெண்ணுக்குச் சிறப்புப் பாராட்டு அளித்தது. எனக்கு அந்த அறிக்கையில் வியப்பு ஒன்றும் ஏற்படவில்லை. எழுத்தர் தொலைபேசியில் படித்துக் காட்டும் நடை அது. “விசாரணையின்போது திடீரென நெஞ்சுவலி ஏற்பட்டு” என்று நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கத்தான் தோன்றியது. அடுத்த மாதமே சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்தபோது, உடல்நலக் குறைவு என்ற அதே சொற்கள்தான் முதலில் வெளிவந்தன.

இந்த நடையை முதலில் சந்தேகித்த பத்திரிகையாளர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐடா பி. வெல்ஸ் 1862இல் மிசிசிப்பி மாநிலத்தில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆசிரியையாக இருந்து, பிறகு மெம்ஃபிஸ் நகரத்தில் ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற சிறு பத்திரிகையின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆனவர். அந்தக் காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்களைக் கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தொங்கவிடுவதும் சுடுவதும் எரிப்பதும் வழக்கமாக இருந்தது. வெள்ளைப் பெண்களிடம் அவர்கள் அத்துமீறினார்கள், அதனால் மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதும். ஐடாவே அதை ஒரு காலம்வரை ஓரளவு நம்பியிருந்ததாகப் பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த ஒப்புதலைப் படித்தபோதுதான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் மேலும் இருவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாஸ் தபால்காரர், கூட்டாகச் சேர்ந்து ஒரு மளிகைக் கடை வைத்திருந்தவர். எதிரே இருந்த வெள்ளையரின் கடைக்கு அது போட்டியானது; சண்டை முற்றியதற்கு அடியில் கிடந்தது வியாபாரம். எந்தப் பெண்ணும் அந்தக் கதையில் இல்லை. அப்படியானால் மற்றக் கதைகளில்? ஐடா கேட்டுப் பார்க்கக் கிளம்பினார். கொலை நடந்த இடங்களுக்கே போய் விசாரித்தார். வெள்ளையரின் நாளேடான ‘சிகாகோ ட்ரிப்யூன்’ ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலையே எடுத்துக்கொண்டு, எத்தனை கொலைகளில் அந்தக் குற்றச்சாட்டுச் சுமத்தக்கூடப்படவில்லை என்று எண்ணிக் காட்டினார். தன் எண்ணைத் தந்தால் மறுப்பார்கள், அவர்கள் எண்ணையே தந்தால் எப்படி மறுப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதே ஆண்டு மே மாதம் அவர் வெளியூரில் இருந்தபோது அவருடைய பத்திரிகை அலுவலகத்தை ஒரு கும்பல் நொறுக்கியது. திரும்பி வந்தால் கொல்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வடக்கே தங்கித் தொடர்ந்து எழுதினார். 1895இல் புள்ளிவிவரங்களோடு ஒரு முழு அறிக்கையே வெளியிட்டார். அவர் இறந்து 89 ஆண்டுகள் கழித்து, 2020இல், புலிட்சர் குழு அவருக்கும் ஒரு சிறப்புப் பாராட்டை அளித்தது.

அவருடைய அச்சகம் நொறுங்கிய அடுத்த ஆண்டு, 1893 அக்டோபரில், சென்னையில் தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அதையே தலைப்பெழுத்தில் அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். சாதியும் இனமும் ஒன்றல்ல. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் இந்திய அரசு அந்த வேறுபாட்டைச் சொல்லித்தான் சாதியைப் பேச விடாமல் தடுக்கப் பார்த்தது. தோலின் நிறத்தைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம், சாதியைத் தெருப்பெயர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எல்லாம் சரி. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி அவர்கள் அல்லாதவர்கள் எழுதும் வாக்கியம் இரண்டு இடத்திலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறது. அதனால்தான் மெம்ஃபிஸிலும் சென்னையிலும் சில ஆண்டுகள் இடைவெளியில் இருவர் சொந்தமாக அச்சு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1946இல் அம்பேத்கர், ‘கிரைசிஸ்’ இதழை 1910இல் தொடங்கிய அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதியைக் கேட்டார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

இனி நம் வயல்வெளிக்கே வருகிறேன், ஓர் அமெரிக்க அறிக்கையின் வழியாக. 1967இல் அமெரிக்க நகரங்களில் வெடித்த கலவரங்களை ஆராய அந்நாட்டு அதிபர் அமைத்த கெர்னர் ஆணையம், 1968இன் தொடக்கத்தில் தன் அறிக்கையை அளித்தது. பத்திரிகைகள் வெகுகாலமாக வெள்ளை உலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து, வெளியே பார்த்தாலும் வெள்ளைக் கண்ணாலேயே பார்க்கின்றன என்று அது கண்டித்தது. செய்தித் துறையில் ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை என்று கணக்கும் சொன்னது. அந்த ஆண்டின் கடைசி வாரத்தில், டிசம்பர் 25ஆம் தேதி இரவு, அன்றைய கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணி எரிந்தது. கூலி உயர்வு கேட்டதற்கும், வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியதை எதிர்த்ததற்கும், செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் சேர்த்து, தலித் விவசாயத் தொழிலாளர்கள் ஒளிந்திருந்த ஒரு குடிசையைப் பூட்டித் தீ வைத்தார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அப்போது வெளியான செய்திகளிலும் வழக்கிலும் 42 பேர் என்றுதான் இருந்தது. நினைவிடத்தில் இருப்பவை 44 பெயர்கள்.

கிசான் மோதல், விவசாயிகளுக்குள் தகராறு என்ற சொற்களோடுதான் அது பல பத்திரிகைகளில் வந்தது. அன்று மாலை நிலவுடைமையாளர் பக்கத்து ஆள் ஒருவர் கொல்லப்பட்டதும் உண்மை. ஆகவே “இரு தரப்பு” என்ற சொல்லுக்குக் கையில் ஒரு சான்று இருந்தது. இங்கேதான் நிருபரின் நேர்மை சோதிக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். ஒரு சாவை மறைப்பதும் தவறு. ஒரு சாவை ஒரு தட்டிலும் ஒரு தெருவின் பெண்களையும் பிள்ளைகளையும் மறு தட்டிலும் வைத்துத் தராசு நேராக நிற்கிறது என்று எழுதுவதும் தவறு. இந்த இரண்டாவது தவறுக்கு நம் தொழிலில் நடுநிலை என்று பெயர்.

அந்த நடுநிலைக்கு வெளியே நின்று எழுதியவர்களில் மைதிலி சிவராமன் முக்கியமானவர். அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக் குழுவில் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்து, கறுப்பின மக்களின் போராட்டத்தையும் வியட்நாம் போர் எதிர்ப்பையும் கண்ணெதிரே கண்டுவிட்டு 1968இல் ஊர் திரும்பியவர் அவர். திரும்பிய சில மாதங்களில் வெண்மணி. அவர் அந்த ஊருக்குப் போனார். தப்பிப் பிழைத்தவர்களிடம் பேசினார். மண்ணெண்ணெய் வாசமும் கரிந்த மண்ணும் இருந்த இடத்தில் நின்று கேட்டதைத் தொலைபேசியில் கேட்டதுபோல எழுத முடியாது. சென்னையிலிருந்து வந்த ‘ராடிகல் ரிவ்யூ’ இதழின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்து டெல்டாவின் கூலிப் பிரச்சினையை ஆராய்ந்து எழுதினார். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தபோது, மே மாதமே ‘எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’யில் அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு எழுதினார். “கீழ்வெண்மணியின் கனவான் கொலையாளிகள்” என்று அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

தீர்ப்பில் இருந்த ஒரு வாதம்தான் அந்தத் தலைப்புக்குக் காரணம். இவர்கள் பெரும் நிலக்கிழார்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது. இத்தகையவர்கள் வேலையாட்களின் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று நீதிமன்றம் கருதியது. இந்த வரியை இன்றைக்கு நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். ஆனால் சட்ட அறிக்கைத் தொகுதியில் புதைந்து போயிருக்கக்கூடிய ஒரு வரியைப் பொதுமக்கள் நினைவில் இருத்தியதில் ஒரு பத்திரிகைக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. தீர்ப்பை அது மாற்றவில்லை. விடுதலை ஆனவர்கள் ஆனவர்கள்தான். 1969இல் கீழத் தஞ்சைக்கு என்று நியாயக் கூலிச் சட்டம் வந்ததற்குக்கூடப் பத்திரிகையைவிடச் சங்கமும் போராட்டமும் கூலிப் பிரச்சினையை விசாரித்த கணபதியா பிள்ளை ஆணையமும்தான் காரணம். எழுத்துக்கு அளவுக்கு மீறிய புகழை நான் கொடுக்க விரும்பவில்லை. ஆனால் யார் செய்தது என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் நிற்க ஓர் எழுவாய் எழுதப்பட வேண்டியிருந்தது, அதை அவர் எழுதினார்.

எழுவாய்க்கு அடுத்தபடி விகுதி. இதைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆலை அதிபர் “கூறினார்”. அவர் வயலில் திருடியதாகப் பிடிபட்ட ஆள் “கூறினான்”. குற்றம் நிரூபணமாகும் முன்பே விகுதி தீர்ப்புச் சொல்லிவிடும். பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையன் எழுபது வயதுப் பண்ணையாளை “வாடா, போடா” என்று கூப்பிட்ட ஊர்கள் இவை. நானே கேட்டிருக்கிறேன், சின்ன வயதில் அப்படிக் கூப்பிட்டும் இருக்கிறேன். அதே மரபு அச்சுக்கோப்பிலும் ஏறியது. அமெரிக்கத் தென் மாநிலப் பத்திரிகைகளும் கறுப்பினத்தவர் பெயருக்கு முன்னால் திரு, திருமதி என்று போட மாட்டா. மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண், அலபாமா நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் தன்னை வெறுமனே “மேரி” என்று அழைத்ததற்காக, “மிஸ் ஹாமில்டன்” என்று அழைக்கும்வரை பதில் சொல்ல மாட்டேன் என்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று சிறைத் தண்டனை விதித்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஒரு விகுதிக்காக உச்ச நீதிமன்றம் வரை போவார்களா என்று கேட்பவர், “ன்” போட்டே அழைக்கப்பட்டு வளர்ந்தவராக இருக்க மாட்டார்.

இந்த நியாயம் நமக்குத் தெரியாதது அல்ல என்பதுதான் எனக்கு உறுத்தல். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தில்லையாடி இருக்கிறது. அந்த ஊர்ப் பூர்விகம் கொண்ட குடும்பத்தில் தென்னாப்பிரிக்காவில் பிறந்த வள்ளியம்மை, இந்தியர்கள்மீது போடப்பட்ட 3 பவுன் வரியையும் அவர்கள் திருமணங்களைச் செல்லாதவை ஆக்கிய தீர்ப்பையும் எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்தார். மறு ஆண்டு காந்தி தில்லையாடிக்கு வந்தார். அந்தப் போராட்டத்தின் குரலாக இருந்தது 1903இல் டர்பனில் தொடங்கிய காந்தியின் ‘இந்தியன் ஒப்பீனியன்’. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம் ஆட்களின் பெயர்களைப் பெயர்களாக அச்சிட்டது. அதே 1903இல், டர்பன் இருந்த அதே நேட்டால் பகுதியில், ஜான் டூபே ஜூலு மக்களுக்காக ‘இலாங்கா’ இதழைத் தொடங்கினார். இனவெறிக்கு எதிராக எழுதிய காந்தியின் பத்திரிகை, ஆப்பிரிக்கர்களைப் பற்றி அந்தக் காலத்தில் இழிசொல்லோடும் விலகலோடும் எழுதியது என்பதும் பதிவில் இருப்பதுதான். தனக்கு நீதி கேட்பவர் பக்கத்தில் இருப்பவரைக் காணாமல் இருப்பது புதிதல்ல. திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் போன கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கி, மலாயாத் தமிழர் குடியுரிமை பெற வேண்டும் என்று ஓயாமல் எழுதினார். அதையும் நாம் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். தில்லையாடியிலிருந்து காரைக்கால், நாகை வழியாகக் கீழ்வெண்மணிக்கு இரண்டு மணி நேரப் பயணம். முதல் ஊரில் நாம் ஒடுக்கப்பட்டவர்கள். இரண்டாவது ஊரில் நம்மில் பலர் யார் என்பதைச் சொல்ல வாக்கியம் தடுமாறுகிறது.

தடுமாற்றத்துக்கு மனசாட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. யார் நிருபர் ஆகிறார் என்பதைச் சம்பளம் தீர்மானிக்கிறது. சம்பளம் இல்லாத வேலையைச் செய்ய வேண்டுமானால் வேறு வருமானம் வேண்டும். ஒரு கடையோ பூத்தோ நிலமோ மோட்டார் சைக்கிளோ வேண்டும். விளம்பரம் கேட்க ஆலை அதிபரின் திண்ணையில் ஏறி உட்கார வேண்டும்; அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். எங்கள் தாலுகாவில் என் காலத்தில் இருந்த பகுதிநேர நிருபர்களில் சேரியிலிருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. மேலே போனாலும் கதை வேறாக இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இந்தியச் செய்தி நிறுவனங்களில் கணக்கெடுத்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் ஒன்றுகூட இல்லை. கெர்னர் ஆணையம் சொன்ன நூற்றுக்கு 5ஐக்கூட நாம் தலைமைப் பொறுப்புகளில் எட்டவில்லை என்று படித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அலபாமாவின் ‘மாண்ட்கோமரி அட்வர்டைசர்’ நாளேடு 2018 ஏப்ரலில், கும்பல் கொலைகளைத் தான் முற்காலத்தில் எழுதிய விதம் வெட்கத்துக்குரியது என்று தலையங்கம் எழுதியது. கொலையுண்டவர்களுக்கான நினைவிடம் அந்த நகரத்தில் திறக்கப்பட்ட அதே நாளில் அது வந்தது. நூறாண்டு கழித்து வருந்தி என்ன பயன் என்று கேட்கலாம். எனக்கு அதில் பிடித்தது வருத்தம் அல்ல. பழைய தாள்களைத் தூசி தட்டி எடுத்து, எந்த வாக்கியம் எப்படித் தவறு என்று அவர்களே படித்துப் பார்த்ததுதான்.

நானும் என் துண்டை எடுத்துக்கொண்டு இந்தத் தை மாதம் அந்த ஊருக்குப் போனேன். சம்பா அறுவடை இயந்திரங்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. தெரு இப்போது தளம் போட்ட வீடுகளாக இருக்கிறது. அம்மன் தெருமுனைவரை வருகிறாள், உள்ளே இன்னும் வரவில்லை. மூதாட்டி பத்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அவருடைய பேரன் கும்பகோணத்தில் கல்லூரி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்று எழுதப் போனேன்; தேடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் பழைய செய்தியையும், விசாரித்து நான் புதிதாக எழுதி வைத்திருந்ததையும் கொடுத்தேன். புதியது இருபத்திரண்டு வரி. யார் வரி கேட்டார்கள், யார் மறுத்தார்கள், யார் இரவில் வந்தார்கள் என்று ஒவ்வொரு வினைக்கும் ஒருவர் இருந்தார். அவர் இரண்டையும் படித்தார், இரண்டாவதை மறுபடியும் படித்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

“இதுலயும் 4 பேர் காயம்னு இருக்கு, சார். அஞ்சு பேர். ஆயாவுக்கு மணிக்கட்டு முறிஞ்சிருந்துச்சு. அப்பா பக்கத்துல ஆள் வேணும்னு அது சீட்டே போடல. கடைசி வரைக்கும் அந்தக் கை நேரா வரல,” என்றார்.

பேனாவை வாங்கி அவரே திருத்தினார்.